இனி எதுக்கு ஆபரேஷன்?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆர்.சி.சி. என்றால் மூன்று அர்த்தம். கொத்தனாரிடம் சொன்னால் கம்பி கட்டி ஊற்றுகிற கான்கிரீட். பஸ்ஸில் யாராவது குரலைத் தாழ்த்தி, "ஆளை ஆர்.சி.சி.க்குக் கொண்டு போயிருக்கு" என்றால் திருவனந்தபுரத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள் இவை. பெரிய வியாதி என்றால் மேற்கே பஸ் ஏறுவது இன்றைக்கும் பழக்கம்.

மூன்றாவது அர்த்தத்தை என் மாமாவின் கேஸ் ஷீட்டில்தான் முதலில் பார்த்தேன். ரீனல் செல் கார்சினோமா. பெரியவர்களின் கிட்னியில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகை. பக்கத்திலேயே டாக்டர் ஒரு மனித உருவம் வரைந்து, தொடையில் ஒரு வட்டமும் நெஞ்சில் சில புள்ளிகளும் போட்டிருந்தார். நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது, அதாவது நாலாம் ஸ்டேஜ். அன்று சாயங்காலம் வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பரவினதுக்கு அப்புறம் எதுக்கு ஆபரேஷன்? சும்மா கஷ்டப்படுத்தணுமா?"

அன்பினால்தான் அப்படிக் கேட்டார்கள். ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை அது தவறான கேள்வி. சரியான கேள்வி, "இந்த ஆபரேஷன் எதற்காக, உயிருக்கா, நடைக்கா?" என்பது. அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் எதை வெட்டுவது, எதை வைப்பது, எப்போது செய்வது எல்லாமே முடிவாகிறது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

மாமா குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், சிரட்டைகளில் விழுந்த பாலை எடுத்து முடிக்கப் பத்து மணி ஆகும். மூன்று மாதமாக வலது தொடையின் மேல்பக்கம் வலி. மேட்டில் ஏறி இறங்குகிற வேலை, வயசும் அறுபது தாண்டிவிட்டது, வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று எல்லோரும் நினைத்தோம். தைலம் போட்டார், வைத்தியரிடம் தடவினார். ராத்திரி படுத்தால்தான் வலி அதிகம் என்று மாமி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் காலை, பால் வாளியோடு சரிவில் திரும்பியபோது கால் மடங்கியது. அவர் வழுக்கவும் இல்லை, எதிலும் இடிக்கவும் இல்லை. "மக்கா, நான் விழுந்து எலும்பு முறியல்ல. எலும்பு முறிஞ்சுதான் விழுந்தேன்" என்றார். பிறகு எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ விதமாக விளக்கினார்கள், ஆனால் இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்த இளம் எலும்பு டாக்டர் அதில் ஒரு இடத்தைக் காட்டினார். முறிந்த இடத்தைச் சுற்றி எலும்பின் வெள்ளை நிறமே இல்லை, கரையான் அரித்த உத்தரம்போல் இருந்தது. நாங்கள் உடனே கம்பி வைக்கச் சொன்னோம். "இன்னைக்கு வைக்க மாட்டேன். இது எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம கம்பி வைக்கக் கூடாது" என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. வயிற்றையும் நெஞ்சையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது கோபம் இன்னும் ஏறியது. தொடை முறிந்தவனுக்கு எதற்கு வயிற்றில் ஸ்கேன்?

மாமாவின் நடையைக் காப்பாற்றியதே அந்தப் பொறுமைதான். தொடை எலும்பில் வைக்கும் கம்பியை, எலும்பின் நடுக்குழலில் மேலிருந்து கீழ்வரை துளைத்து இறக்குவார்கள். உள்ளே இருப்பது சார்கோமா என்ற, எலும்பிலேயே பிறந்த புற்றுநோயாக இருந்தால், அந்தக் கம்பி நோயைத் தொடை முழுக்க இழுத்துக்கொண்டு போகும். வெட்டி எடுத்துக் குணப்படுத்தியிருக்கக்கூடிய காலையே இழக்க நேரலாம். கிட்னியிலிருந்து வந்ததாக இருந்தால் ஆபத்து வேறு: ரத்தம். ஆகவே ஒரே ஒரு எலும்பில் காரணம் தெரியாத ஓட்டை இருந்தால், முதலில் ஸ்கேன், பிறகு சதை எடுத்து பயாப்சி, அதற்குப் பிறகுதான் கம்பி. உறவினர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த வரிசையை மாற்றாத டாக்டரை நான் நம்புவேன்.

கிட்னிக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம்? கிட்னி வழியாக ரத்தம் நிற்காமல் பெருக்கெடுத்துப் பாய்கிறது. கட்டியிலிருந்து பிரியும் செல்கள் அந்த ரத்தத்தோடு நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகின்றன. முதுகெலும்பைச் சுற்றி வால்வு இல்லாத ரத்தக்குழாய் வலை ஒன்று இருக்கிறது. இருமினாலும் முக்கினாலும் அதில் ரத்தம் இருபுறமும் ஓடும். அடிவயிற்றுப் புற்றுநோய்கள் முதுகெலும்புக்கு ஏறும் வழி இதுதான் என்று ஆஸ்கர் பேட்சன் என்ற உடற்கூறு அறிஞர் 1940-இலேயே காட்டினார். பரவிய கிட்னி புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எலும்பில் நோய் இருக்கும். முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடையின் மேல்பகுதி, மேற்கை ஆகியவை அது விரும்பும் இடங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: புற்றுநோய்ச் செல் தானாக எலும்பைத் தின்பதில்லை. பழைய எலும்பைக் கரைக்க நம் உடம்பிலேயே இருக்கும் செல்களை அது தூண்டிவிடுகிறது. அவை அளவில்லாமல் கரைக்கின்றன, புது எலும்பு கட்டுகிற வேலையோ நடப்பதில்லை. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிவது அந்த வெற்றிடம்.

ரத்தத்துக்கு வருகிறேன். இந்த நோயின் பெரும்பாலான கட்டிகளில் வி.எச்.எல். என்ற ஜீன் பழுதாகியிருக்கும். அது பழுதானால் செல்லுக்கு எப்போதும் ஆக்சிஜன் போதவில்லை என்ற பொய்ச் செய்தியே கிடைக்கும். ஆக்சிஜன் வேண்டி அது புதுப்புது ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொண்டே இருக்கும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டுபிடித்த மூவருக்கு, கேலின், ராட்கிளிஃப், செமென்சாவுக்கு, 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் அது நோபல், ஆபரேஷன் டேபிளில் அது ரத்த வெள்ளம். மார்பகத்திலிருந்து எலும்புக்கு வந்த கட்டியில் கத்தி வைப்பதும் கிட்னியிலிருந்து வந்ததில் வைப்பதும் ஒன்றல்ல. தொட்டால் துடிக்கும் அளவுக்குச் சில கட்டிகளில் ரத்தம் ஓடும்.

அதனால் பெரிய ஆபரேஷனுக்கு முன் ஒரு வேலை நடக்கிறது. இடுப்பு மடிப்பு வழியாக ரத்தக்குழாயில் மெல்லிய டியூபை நுழைத்து, கட்டிக்குப் போகும் கிளைகளை நுண்துகள்களாலோ கம்பிச் சுருள்களாலோ அடைத்துவிடுவார்கள். வயலுக்குத் தண்ணீர் போகும் மடையை அடைக்கிற மாதிரி. அடைத்த மறுநாளோ, அதற்கடுத்த நாளோ ஆபரேஷன் நடந்துவிட வேண்டும். தாமதித்தால் ரத்தம் வேறு வழி கண்டுபிடித்துவிடும். ஆகவே அடைக்கும் வசதியும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் ஒரே இடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிதான் இதற்குச் சரி. குழாயைப் படம்பிடிக்கச் செலுத்தும் மருந்து கிட்னியைப் பாதிக்கலாம். ஒரு கிட்னியை ஏற்கெனவே எடுத்தவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சரி, உயிருக்கா நடைக்கா என்ற கேள்வி. உடம்பு முழுக்கத் தேடியும் எலும்பில் ஒரே ஒரு இடத்தில்தான் நோய் இருக்கிறது, அதுவும் கிட்னியை எடுத்துச் சில வருடம் கழித்துத்தான் தலைகாட்டியது என்றால், அந்த ஆபரேஷன் உயிருக்கு. சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பார்கள். இப்படிப்பட்டவர்களில் சிலர் பல வருடங்கள் வாழ்கிறார்கள். ஒற்றைப் பரவலைத் துரத்திப் பிடித்து எடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வயது 80-க்கு மேல். பார்னி, சர்ச்சில் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், கிட்னி புற்றுநோய் நுரையீரலில் ஒரே இடத்தில் பரவிய ஒருவருக்கு இரண்டு இடத்திலும் ஆபரேஷன் செய்து 1939-இல் எழுதி வைத்தார்கள். அவர் அதற்குப் பிறகு 23 வருடம் இருந்து, இதய நோயில்தான் இறந்தார். எலும்புக்கும் அதே துணிச்சலைப் பிறகு கொண்டுவந்தார்கள். கிட்னி எடுத்துப் பத்து வருடம் கழித்துக்கூட இந்த நோய் திரும்பும் என்பதால், "அது எப்பவோ சரியாப்போச்சு" என்று பழைய ஆபரேஷனை டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

நோய் பல இடத்தில் இருந்தால், ஆபரேஷன் நடைக்கு. மாமா இந்தக் கணக்கில்தான் வந்தார். இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறவர்கள், முறிந்த தொடையோடு படுக்கையில் கிடப்பவரை ஒரு ராத்திரி பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்பேன் வைக்கத் திருப்பும்போதெல்லாம் அலறல். படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நுரையீரலில் சளிக்கட்டு, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். எழுந்து நடமாட முடியாதவருக்குப் பல மருந்துகளைக் கொடுக்கவே டாக்டர்கள் தயங்குவார்கள். நடை போனால் மற்ற வைத்தியங்களும் கைவிட்டுப் போகலாம்.

சாதாரண முறிவில் கம்பி ஒரு முட்டு மட்டும்தான். சில மாதத்தில் எலும்பு கூடிவிடும், பாரம் எலும்புக்குத் திரும்பும். கிட்னி நோய் அரித்த இடத்தில் எலும்பு கூடுவது அபூர்வம். ஒவ்வொரு அடியிலும் முழுப் பாரத்தையும் கம்பியே தாங்கும். ஒரே இடத்தில் வளைத்து வளைத்துக் கட்டுக்கம்பியை முறிப்போமே, அப்படி ஒருநாள் அதுவும் முறியும். இங்கேதான் கொத்தனாரின் ஆர்.சி.சி. எனக்கு ஞாபகம் வந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்த குழியில் எலும்பு சிமென்ட்டை நிரப்பி, கம்பியோடு சேர்த்து இறுக்குகிறார்கள். செயற்கைப் பல்செட் செய்யும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்த பொருள் அது. பிசைந்து வைத்தால் சூடேறி, கால் மணி நேரத்துக்குள் கல்லாகிவிடும். நடுத்தொடைக்கு இது பொருந்தும். மாமாவுக்கு எலும்பு அரித்திருந்தது இடுப்பு மூட்டுக்கு அருகில், பாரம் அதிகம் விழும் இடத்தில். அங்கே கம்பி எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று, தொடையின் மேல்பகுதியையே எடுத்துவிட்டு நீளமான உலோக மூட்டு வைத்தார்கள். முன்பு இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு யோசிப்பார்கள். இப்போது புது மருந்துகளால் ஆட்கள் அதிக நாள் இருக்கிறார்கள், ஆகவே வைப்பதும் அதிக நாள் தாங்க வேண்டும்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலோகத்தில் கிருமி தொற்றலாம், மூட்டு நழுவலாம், நடையில் சாய்வு நிச்சயம் இருக்கும். சில வாரமே தாங்கும் நிலையில் இருப்பவரை இதற்கு உட்படுத்துவது சரியில்லை. அவருக்கு வலி போக்கும் மார்ஃபினும் கரண்ட் வைப்பதும்தான் கருணை. கரண்ட் என்றால் கதிர்வீச்சு. ஒரே தடவை வைத்தாலும் பலருக்கு வலி குறையும். பழைய முறைக் கதிர்வீச்சுக்குக் கிட்னி நோய் அவ்வளவாக அடங்காது, குறி வைத்து அதிக அளவில் செலுத்தும் புது முறைக்கு நன்றாகவே அடங்குகிறது. ஆனால் எந்தக் கரண்டும் அரித்துப்போன எலும்பை உடனே உறுதியாக்காது.

எலும்பு முறியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஹில்டன் மிரெல்ஸ் என்ற டாக்டர் 1989-இல் ஒரு கணக்குச் சொன்னார். நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மார்க். இடம்: கை 1, கால் 2, இடுப்பு மூட்டுக்கு அருகில் 3. வலி: லேசாக இருந்தால் 1, நடுத்தரம் 2, பாரம் ஊன்றும்போது வலித்தால் 3. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் திரண்டிருந்தால் 1, கலப்பு 2, கறுப்பாக அரித்திருந்தால் 3. அளவு: எலும்பின் அகலத்தில் மூன்றில் ஒன்றுக்குக் கீழ் 1, மூன்றில் இரண்டுவரை 2, அதற்கு மேல் 3. மொத்தம் 12. 9-ம் அதற்கு மேலும் வந்தால் முறியுமுன்பே கம்பி வைக்க வேண்டும், 8 வந்தால் டாக்டர் யோசித்து முடிவெடுப்பார். கிட்னி நோய் பெரும்பாலும் கறுப்பாகவே அரிக்கும், ஆகவே அதிலேயே 3 போய்விடும். மாமாவுக்கு இடம் 3, வலி 3, அரிப்பு 3, அளவு பாதிக்கு மேல் 2. மொத்தம் 11. முறிவதற்கு ஒரு மாதம் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் இந்த 11 எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால்தான் தடவலைப் பற்றி இரண்டு வார்த்தை. வர்மமும் எலும்பு முறிவு வைத்தியமும் இந்த மண்ணின் சொத்து. எத்தனையோ ஆசான்கள் கை பட்டு நடந்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் அரித்த எலும்பின் மேல் அழுத்தித் தடவினால் அது முறியும். சில வாரமாகப் போகாத வலி, ராத்திரியில் கூடுகிற வலி, மெலிந்துகொண்டே வருகிற உடம்பு, சிறுநீரில் எப்போதோ வந்துபோன ரத்தம், இதில் ஏதாவது இருந்தால் எண்ணெயைத் தொடுமுன் எக்ஸ்ரே. தடவுகிறவர்களே இதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பல தொடைகள் தப்பும்.

முதுகெலும்பில் பரவினால் கணக்கு மணி நேரத்தில். கால் கனக்கிறது, மரக்கிறது, மூத்திரம் அடைத்துக்கொள்கிறது என்றால் தண்டுவடம் நசுங்குகிறது, அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பேட்செல் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நசுங்கிய 101 பேரில் ஒரு பாதிக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும், மறு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள். சிகிச்சைக்குப் பின் நடந்தவர்கள் முதல் குழுவில் 84 சதவீதம், இரண்டாவதில் 57. நடை நிலைத்த நாட்கள் நடுக்கணக்கில் (அதாவது பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதல், பாதிப் பேருக்குக் குறைவு) முதல் குழுவுக்கு 122, இரண்டாவதற்கு 13. வீட்டுக்குள் தானாக எழுந்து கழிவறைக்குப் போன 122 நாள் என்று அதை வாசித்துப் பாருங்கள்.

மாமி கேட்டது இன்னொன்று: "வேரை விட்டுட்டுக் கிளையை வெட்டுனா ஆச்சா? கிட்னியை எடுக்க வேண்டாமா?" வேர், கிளை என்ற கணக்கு இங்கே எப்போதும் பொருந்தாது. 2018-இல் வெளிவந்த கார்மெனா ஆய்வில், பரவிய நோயுள்ள 450 பேரில் கிட்னியை எடுத்துவிட்டு சுனிட்டினிப் மாத்திரை தொடங்கியவர்களின் நடுக்கணக்கு ஆயுள் 13.9 மாதம், கிட்னியைத் தொடாமல் மாத்திரை மட்டும் தொடங்கியவர்களுக்கு 18.4 மாதம். ஆகவே நோய் பல இடத்தில் இருந்தால் முதலில் மருந்து. பரவல் மிகக் குறைவு, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் கிட்னியை எடுப்பது இன்றும் உண்டு. மாமாவுக்குக் கிட்னியை அப்படியே விட்டுத் தொடையை முதலில் செய்தார்கள், காயம் ஆறியபின் மருந்து. அந்த வரிசைக்கும் காரணம் உண்டு. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை ஒடுக்கும் மாத்திரைகள், காயம் ஆறத் தேவையான குழாயையும் ஒடுக்கும். அந்த வகையைச் சேர்ந்த கபோசான்டினிப் சாப்பிடுகிறவர் ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். எலும்பைக் காக்கப் போடும் சோலெட்ரானிக் ஊசிக்குக் கிட்னியின் நிலை பார்த்து அளவு. அதற்கு முன் பல் டாக்டரையும் பார்த்துவிட வேண்டும், ஊசி போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் கெடலாம்.

"எல்லாம் மணவாளக்குறிச்சி மண்ணாலயா?" என்று இங்கே யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் கேட்பார்கள். மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள கடற்கரை எங்களுடையது, பயம் வருவது இயல்பு. இதேபோல் மணலுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மக்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கிட்னி புற்றுநோய்க்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் புகை, உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம். மாமா முப்பது வருடமாக பீடி பிடித்தவர்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். மூன்றாம் மாதம் கம்பூன்றித் தோட்டம்வரை போனார். பால் வெட்ட முடியாது, ஆனால் புதிதாக வந்த பையன் கத்தியை ஆழமாக இறக்குகிறான் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். ஒரு வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் ஸ்கேனில் இடது மேற்கையில் ஒரு புள்ளி. இந்தமுறை மாமியே என்னிடம் காகிதத்தை நீட்டி, மார்க் போடச் சொன்னாள். இடம் 1, லேசான வலி 1, அரிப்பு 3, அளவு 1. மொத்தம் 6. கம்பி வேண்டாம், கரண்ட் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே, அதுவரை இடது கையில் வாளி தூக்கக் கூடாது.